கம்பளி நூலில் இறங்கிய குதிரை

முனியப்பன் துணை.

1

இதை எழுத ஐந்து வருஷமாகத் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், "சாமி காரியம், நமக்கெதற்கு" என்று எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன். நான் பத்தாவது வரை படித்தவள். கடுதாசி எழுதுவதே நின்றுபோன காலத்தில் இவ்வளவு நீளமாக எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மாதையன் போட்ட போனுக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, கம்பைநல்லூர் டீக்கடையில ஒருத்தரு என்னப் புடிச்சிக்கிட்டாரு. உங்கக்கா சீமைக்குப் போயி முனியப்பன் குதிரையக் கொளுத்திருச்சாமே, நெசமாங்கறாரு."

"நீ என்னடா சொன்ன?"

"நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பக்கத்து பெஞ்சுக்காரரு சொல்றாரு, கொளுத்துனதெல்லாம் இல்லீங்க, குதிரை தீயில இருந்து எந்திரிச்சிக் கடலு மேல ஓடிப்போச்சி, ஊரே பாத்துதுன்னு. அதோட வுடல. அந்தக் கொடத்துத் தண்ணி ஒரு பாட்டலு கெடைக்குமா, தோட்டத்துல போர் வத்திப்போச்சிங்கறாரு."

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. ஒரே சங்கதி, ஒரே டீக்கடை, அதற்குள் இரண்டு விதமாகிவிட்டது. ஒன்றில் நான் பாவி, இன்னொன்றில் நான் சித்தர். இரண்டுமே நான் இல்லை. நான் ஒரு வெல்டரின் மனைவி. குதிரையைச் செய்தவளும் நான், அதைக் கடற்கரைக்கு அனுப்பியவளும் நான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். சமையலறையில் ஒரு பெரிய வாளி நிறையக் காகிதம் ஊறிக்கொண்டிருக்கிறது. அது ஊறி முடிவதற்குள் நான் எழுதி முடிக்க வேண்டும்.

2

நாங்கள் இருப்பது ஸ்காட்லாந்தில், கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊர். என் கணவர் அரூர்ப் பக்கம் டிராக்டர் டிரெய்லருக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர். சிங்கப்பூர் போய், அங்கிருந்து இங்கே கப்பல் பட்டறைக்கு வந்தார். கைக்குழந்தையாக இருந்த மகள் கயலோடு நான் பின்னால் வந்தேன். இங்கே குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். மத்தியானச் சோறு இறங்குவதற்கு முன் சாயங்கால விளக்கு ஏற்ற வேண்டும். சாமி என்ன நினைத்துக்கொண்டாரோ.

இங்கிலீஷும் பல வருஷம் அப்படித்தான், கயல் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும். பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவரிடம், நம் ஊரில் சொல்வது போல, போய்விட்டு வருகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். அந்த நல்ல மனிதர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் திரும்பி வருவேன் என்று நின்றுவிட்டார். அன்று பஸ்ஸில் கூட இருந்த கயல் ஒரு வாரம் என்னோடு பஸ் ஏறவில்லை.

ஊர்க்காரர்களுக்கு நான் பல வருஷம் வெல்டர் வீட்டம்மா, அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிட யாருமில்லை. கீழ் வீட்டுக்கு ஐலீன் குடிவந்த பிறகுதான் அது மாறியது. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒரு நாள் மாடியேறி வந்து கதவைத் தட்டினார்.

"உங்கள் வீட்டிலிருந்து ஒரு வாசனை வருகிறது. கசப்பா, இனிப்பா என்று தெரியவில்லை. எனக்கு அது என்னவென்று தெரிந்தாக வேண்டும்."

வெந்தயம். நான் கூடை செய்துகொண்டிருந்தேன். பழைய காகிதத்தை ஊறவைத்து, ஊறிய வெந்தயம் சேர்த்து மைய அரைத்து, கவிழ்த்துப் போட்ட பானையின் மேல் அப்பிக் காயவைத்தால் கல்லு மாதிரி கூடை கிடைக்கும். எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் செய்வார்கள். சேலத்திலிருந்து கொண்டுவந்த கிரைண்டரை வீணாக்கக் கூடாதே என்று நான் செய்துகொண்டிருந்தேன். ஐலீன் ஒரு கூடையைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"உங்கள் பெயர் என்ன?"

"சாந்தா."

"சாந்தா, நீங்கள் எங்களோடு சேர வேண்டும்."

3

'எங்களோடு' என்று அவர் சொன்னது ஒரு கூட்டத்தை. ஊர்ச் சமுதாயக் கூடத்தில் குளிர் தொடங்கியதும் கூடுவார்கள். ஊர் விழாவின் ஊர்வலத்துக்கு ஆளுக்கொரு மிருகம் செய்வார்கள். யாருக்கும் இது தொழில் இல்லை, யாரும் யாருக்கும் வேலையாள் இல்லை. ஐலீன் உடைந்த குடைக் கம்பிகளையும் கம்பளி நூலையும் வைத்து ஒரு கொக்கு செய்துகொண்டிருந்தார். டங்கன் என்று ஒரு தபால்காரர், ஆள் நெடுநெடுவென்று பனை மாதிரி இருப்பார், பேசவே மாட்டார். அவர் கரையில் ஒதுங்கிய மரத்துண்டுகளால் ஒரு திமிங்கலம் செய்தார். எங்கிருந்து யோசனை வருகிறது என்று நான் கேட்டால், பஸ் வராமல் நிற்கும்போது வருகிறது என்பார் ஐலீன். டங்கன் தன் தபால் பையைக் காட்டுவார். அந்தப் பை சுவரில் தொங்கும்போது திமிங்கலத்தின் வாய் மாதிரியே இருக்கும்.

இதைக் கேட்டால் என் தம்பிக்குச் சந்தோஷம் தாங்காது. மாதையனும் இந்த ஜாதிதான். சிமெண்டிலும் சுதையிலும் கோயில்களுக்குச் சாமி உருவம் செய்கிறவன். கம்பைநல்லூரிலிருந்து சித்தேரி மலை வரைக்கும் எந்த ஊரில் கூப்பிட்டாலும் வண்டியில் சட்டியையும் கரண்டியையும் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஒரு காவல் சாமிக்கு மீசை சரியாக அமையாமல் தவித்தவன், சித்தேரி பஸ் டிரைவரின் மீசையை அப்படியே வைத்துவிட்டான். இப்போதும் அந்த டிரைவர் அந்த வளைவில் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவாராம். சாமிக்கா, மீசைக்கா என்று தெரியாது.

மிருகம் என்றதும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. முனியப்பன் கோயில் குதிரைதான். பல்லைக் காட்டிக்கொண்டு, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, பிதுங்கிய கண்ணோடு நிற்குமே, அது. என் கணவர் பட்டறையில் மிஞ்சிய கம்பியில் எலும்புக்கூடு கட்டி, மேலே கோழி வலை சுற்றிக் கொடுத்தார். கிரைண்டர் ஓடி ஓடிச் சூடேறியது. மாதையன் போனிலேயே மேஸ்திரி வேலை பார்த்தான்.

"மூக்கு ஓட்டையப் பெருசா வைக்கா. மூச்சு வுட வேண்டாமா?"

"காகிதம்டா."

"நானுந்தான் சிமெண்ட்ல செய்யறேன். ஓட்டை சின்னதா வச்சா அதுக்கு மூச்சு முட்டுது, பாக்கறவனுக்கும் முட்டுது."

ஓட்டையைப் பெரிதாக்கினேன். அவன் சொன்னது சரி. குதிரை சட்டென்று நிமிர்ந்துகொண்டது.

விழாக் கமிட்டித் தலைவர் கூடத்துக்கு வந்து பார்த்தார், ஓய்வு பெற்ற ஆசிரியர். சுற்றிச் சுற்றி வந்து, "இந்த வருஷம் ஊர்வலத்துக்கு முன்னால் சாந்தாவின் குதிரை போகட்டும்" என்றார். வீட்டுக்கு நடந்தா வந்தேன், மிதந்தா வந்தேன் என்று தெரியவில்லை.

4

இப்போது என் அறியாமையைச் சொல்ல வேண்டும். அந்த ஊர்வலத்தை நான் ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன், ஆனால் என் வீட்டு ஜன்னலிலிருந்து. பந்தம் பிடித்துக்கொண்டு மிருகங்களைத் தூக்கிக்கொண்டு போவார்கள், சர்ச் முனை திரும்புவார்கள், மறைந்துவிடுவார்கள். நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ரசம் வைக்கப் போய்விடுவேன். கடற்கரைப் பக்கம் வெளிச்சம் தெரியும். கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துவது போலக் கொளுத்துகிறார்கள், மிருகங்களை நம் ஊரில் தேரை விடுவது போல ஏதோ கொட்டகையில் விட்டுவிடுவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றினால்தானே கேட்பதற்கு.

ஆகவே விழா வாரத்து வெள்ளிக்கிழமை குதிரைக்குக் கண் திறந்தேன்.

நம் பக்கத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சாமி உருவத்துக்குக் கடைசியாகத்தான் கண் வைப்போம். திரை கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, கருவிழி எழுதி, முதலில் கண்ணாடியும் நெல்லும் காட்டுவோம். அதுவரைக்கும் அது பொம்மை. கண் திறந்த பிறகு சாமி. மாதையன் எச்சரித்தான்.

"யோசிச்சிக்கக்கா. தெறந்துட்டா அதுக்கு எடம் வேணும், வெளக்கு வேணும். நடு வூட்டுல வச்சிக்கிட்டு முழிக்காத."

"பெரிய கொட்டகை இருக்குதுடா இங்க."

கண் எழுதுவதற்காகக் குதிரையை எங்கள் சமையலறைக்குக் கொண்டுவந்திருந்தோம். வால் பக்கம் ஃபிரிட்ஜைத் திறக்க முடியாது. போர்வையைத் திரையாகக் கட்டி, கயலைப் போன் பிடிக்கச் சொல்லி, கண்ணாடியும் அரிசியும் தயாராக வைத்துக்கொண்டு கருவிழியை எழுதினேன். எழுதி முடித்துத் தூரிகையை எடுத்த நொடி போர்வை அவிழ்ந்து விழுந்தது. எதிரே என் கணவர், பட்டறையிலிருந்து வந்து, நனைந்த சாக்ஸைக் கழற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்.

"போச்சி. மொதல்ல உங்களத்தான் பாத்துது. உங்க கொணந்தான் வரும்."

"வரட்டும். சோறு நெறையத் திங்கும், எதுத்துப் பேசாது" என்றார் அவர், இன்னொரு சாக்ஸையும் கழற்றிக்கொண்டே.

மறுநாள் ஐலீன் மேலே வந்தார். குதிரையின் கண்ணைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார். பிறகு அதன் கழுத்தைத் தடவி, கண் கலங்க, மனசாரச் சொன்னார்: "சாந்தா, இது எவ்வளவு அழகாக எரியப்போகிறது."

5

முதலில் என் இங்கிலீஷ் மேல்தான் சந்தேகப்பட்டேன். கயலைக் கூப்பிட்டேன்.

"எரியும்னா சொல்றாங்க?"

"ஆமாம்மா. எல்லாத்தையும் பீச்ல எரிப்பாங்க. உனக்குத் தெரியாதா?"

"நீ ஏன்டி சொல்லல?"

"எல்லாருக்கும் தெரியும்மா. ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் எங்கம்மாவோடதுதான் ஃபர்ஸ்ட்டு எரியும்னு சொல்லிட்டேன்."

குதிரை என்னைப் பார்த்தது. நான் குதிரையைப் பார்க்கவில்லை.

என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். கண் திறந்த குதிரையை நெருப்பில் போட்டால் முனியப்பன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? போடாமல் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டால், இத்தனை வருஷம் கழித்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கூட்டத்துக்கு என்ன பதில் சொல்வேன்? இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும் போலிருந்தது. எனக்கோ இரண்டும் வேண்டும்.

கமிட்டித் தலைவரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். எரிக்காமல் வைக்கலாமாம். அதற்கு வைக்கும் இடத்துக்கு ஒரு அனுமதி, இன்ஷூரன்ஸ், பிறகு தீயணைப்புத் துறையின் அனுமதி. எரிப்பதற்கு ஏற்கெனவே அனுமதி வாங்கியாகிவிட்டது, எரிக்காமல் இருப்பதற்குத்தான் வாங்க வேண்டும். அதற்குள் பொங்கல் மூன்று வந்துபோகும்.

"வருத்தம்தான்" என்றார் அவர். "ஆனால் வைத்துக்கொண்டால் பழையதையே துடைத்துக்கொண்டிருப்போம். எரிவதால்தான் அடுத்த வருஷம் செய்கிறோம்."

திரும்பி வரும் வழியில் ஐலீன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஒவ்வொரு வருஷமும் அழுகிறேன். கடல் காற்று கண்ணில் பட்டது என்று சொல்லிவிடுவேன். டங்கன் நெருப்பைப் பார்க்கவே மாட்டார், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்."

எனக்கு அது புதுச் செய்தி. இவர்கள் மனசார எரிக்கிறார்கள் என்றல்லவா நினைத்தேன்.

6

மாதையனுக்குப் போன் போட்டபோது அவன் அரூர்ப் பக்கம் ஒரு கோயிலில் சாரத்தின் மேல் இருந்தான். சொல்லி முடிக்கும்வரை பூச்சுக் கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"அக்கா, நான் இப்ப எதும்மேல உக்காந்திருக்கேன் தெரியுமா? சாமி தோளு மேல. பழைய சாமி, கை ஒடஞ்சிபோச்சி, புதுசு வைக்கறேன். சாமி தோள்ல காலப் போட்டு உக்கார முடியுமா?"

"எப்பிடிடா உக்காந்த?"

"உசுரு உள்ள இல்லக்கா. பூசாரி கொடத்துத் தண்ணியில எறக்கி வச்சிட்டாரு. வேல முடிஞ்சதும் திரும்ப ஏத்துவாரு. அதுவரைக்கும் இது வெறும் சிமெண்ட்டு."

எனக்குத் தெரியாத வழக்கமா? கோயில் வேலை நடக்கிறபோதெல்லாம் செய்வதுதான். ஆனால் காகிதக் குதிரைக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"முனியப்பன் ஒத்துக்குவாரா?"

"வண்டி அவருது. அவரையே கேட்டுருவோம்."

அன்று சாயங்காலமே எங்கள் ஊர் முனியப்பன் கோயிலில் பூ கேட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி காலடியில் வைத்து, கேள்வியைச் சொல்லி, வந்தவர்களில் ஒருவரை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. எனக்கு அப்போது மத்தியானம். வீடியோவில் பார்த்துக்கொண்டு நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தேன், குதிரை என் தலைக்கு மேல் குனிந்திருந்தது. அதுவும் பார்த்தது என்றுதான் சொல்வேன்.

பூசாரி கணீரென்று கேட்டார்: "அய்யா, சீமையில இருக்கற புள்ள உன் குதிரையத் தீயில போடலாமா?"

ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா பொட்டலத்தை எடுத்தார். சிவப்பு.

எனக்குக் கோபம் வந்தது.

"டேய் மாது, கேள்விய ஒழுங்காக் கேக்கச் சொல்லுடா. குதிரையப் போடலாமான்னா யாருதான் சரிம்பாங்க? குதிரை கொடத்துக்கு எறங்கட்டுமா, காகிதத்த மட்டும் அனுப்பட்டுமான்னு கேளுங்க."

பூசாரி சிரித்துவிட்டார். "உங்கக்கா வக்கீலுக்குப் படிச்சிருக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே பூவை மாற்றிக் கட்டி வைத்து, நான் சொன்னபடியே கேட்டார். அதே அம்மா எடுத்தார், மடித்த வாழை இலையைப் பிரித்தார். வெள்ளை. வெளுவெளுவென்று நந்தியாவட்டை.

நான் எழுந்த வேகத்தில் குதிரையின் தாடையில் தலை இடித்துக்கொண்டது.

"மந்திரம் என்னங்க சொல்லணும்?" என்று பூசாரியிடம் கேட்டேன்.

"மனசாரக் கூப்புடு, வரும். அது என்ன பேங்க்கா, பாரம் நெரப்பித் தரதுக்கு?"

7

விழா அன்று மத்தியானம் கூடத்தில் எல்லாரும் கடைசி வேலையில் இருந்தார்கள். நான் குதிரையோடு என் எவர்சில்வர் குடத்தையும் கொண்டுபோனேன். மாவிலைக்கு எங்கே போவது? மாதையன் போனில், "பச்சயா எது இருக்குதோ அதுதான் மாவெல" என்றான். கூடத்துச் சுவரில் படர்ந்திருந்த கொடியிலிருந்து கயல் இலை பறித்து வந்தாள். தேங்காய் கடையில் கிடைத்தது. குதிரையின் நெஞ்சிலிருந்து குடத்துக்கு நூல் பிடிக்க வேண்டும், அதன் வழியாகத்தான் இறங்கும். நூலுக்கு ஐலீனைக் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் சிவப்புக் கம்பளி உருண்டையை என் கையில் வைத்தார்.

நூலைக் கட்டினேன். கற்பூரம் ஏற்றினேன். ஏற்றியதுதான் தாமதம், கூரையில் இருந்த புகை மணி அலறத் தொடங்கிவிட்டது. சாயங்காலம் ஊர் கூடி எல்லாவற்றையும் கொளுத்தப் போகிறார்கள், என் ஒரு வில்லைக் கற்பூரத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். டங்கன் திமிங்கலத்தின் துடுப்பைக் கழற்றிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி அந்த மணிக்கு விசிறினார். மணி அடங்கியபோது கூடமே என்னைச் சுற்றி நின்றது.

என் இங்கிலீஷில் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் சொன்னேன்: "குதிரை வீடு மாறுது. இந்தக் குடத்துக்குப் போகுது. நெருப்புக்குக் காகிதம் மட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. நான் கண்ணை மூடி, அய்யா, கொஞ்ச நாளைக்கு இங்கே இருந்துகொள் என்று கூப்பிட்டேன். நூல் ஆடியது. கதவு திறந்திருந்தது, காற்றாகவும் இருக்கலாம். பிறகு மஞ்சள் துணியால் குதிரையின் கண்களைக் கட்டினேன்.

நிமிர்ந்தால் எதிரே டங்கன். எங்களிடம் அதுவரை முழுசாக ஒரு வாக்கியம் பேசாத மனிதர்.

"என் திமிங்கலத்துக்கும் அதில் இடம் இருக்குமா?"

நான் போனை எடுத்தேன்.

"டேய், திமிங்கலம் எடம் கேக்குதுடா."

மாதையன் அங்கே வீட்டில் களி தின்றுகொண்டிருந்தான். "எது?"

"பெரிய மீனு. கொடத்துல எடம் கேக்குது. பூ கேட்டது குதிரைக்கு மட்டுந்தான?"

"வாயில இருக்கறத முழுங்கிக்கறேன் இரு." முழுங்கினான். "அக்கா, சித்தேரி பஸ்ஸுல எடமில்லன்னு யாரையாச்சும் எறக்கி வுட்டு நீ பாத்திருக்கியா? ஆடு ஏறுது, தேன் டின்னு ஏறுது, சாமை மூட்டை ஏறுது. மீனு ஏறட்டும். குதிரைக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அவ்வளவுதான். ஐலீன் உருண்டையை உருட்டிவிட்டார். திமிங்கலத்தின் நெற்றியில் ஒரு சுற்று, கொக்கின் காலில் ஒரு சுற்று, இரட்டைத் தலை முயல், மூன்று பிள்ளைகள் சேர்ந்து செய்த நண்டு, கமிட்டித் தலைவரின் ஆந்தை. சிவப்பு நூல் கூடம் முழுக்க ஓடி என் குடத்து வாயில் வந்து நின்றது. நூலைத் தாண்டாமல் யாரும் நடக்க முடியவில்லை. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்துக்கொண்டே அவரவர் மிருகத்தை அவரவர் பாஷையில் கூப்பிட்டார்கள். கமிட்டித் தலைவர் ஆந்தை மாதிரியே கூவினார்.

8

ஊர்வலத்துக்கு முன்னால் என் குதிரை போனது, கண்ணைக் கட்டிக்கொண்டு. இந்தத் தடவை நான் ஜன்னலில் இல்லை. சர்ச் முனையைத் தாண்டி நானும் போனேன். குடத்தை இடுப்பில் வைக்கக் கயலுக்குத் தெரியாது. புத்தகப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வது போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்தாள். அவள் பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி அதில் என்ன என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"குதிரை" என்றாள் கயல்.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன், அந்தப் பெண்ணிடம் ஏன் தமிழில் சொன்னாய் என்று.

"குதிரைக்கு இங்கிலீஷ் தெரியாதில்லம்மா."

நெருப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அங்கே அதிசயம் எதுவும் நடக்கவில்லை, ஒன்றைத் தவிர. குதிரை பற்றிக்கொண்டதும் அதிலிருந்த வெந்தயம் வறுபடத் தொடங்கியது. கடற்கரை முழுக்க வறுத்த வெந்தய வாசனை. காதுவரை தொப்பி போட்ட சனங்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஐலீன், "எனக்குப் பசிக்கிறது" என்றார். என் கணவர் என் காதருகில் குனிந்து, "சாந்தா, வெந்தயம் கருகுது, அடுப்பக் கொறை" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். குதிரையைச் செய்தவள் குதிரை எரிகிறபோது சிரிக்கிறாள் என்று யாராவது நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். நான் நெருப்புக்குள் குதிரையைத் தேடினேன், அது அங்கே இல்லை. என் மகள் கையில் இருந்தது. டங்கன் முதல் தடவையாக நெருப்புப் பக்கம் திரும்பி நின்றார்.

தண்ணீரை ஏதாவது மரத்தடியில் ஊற்றிவிடலாமா என்று மறுநாள் மாதையனைக் கேட்டேன். கயல்தான் குறுக்கே வந்தாள்.

"மாமா, வேலை முடிஞ்சதும் திரும்ப ஏத்தணும்னு நீங்கதான சொன்னீங்க. வேலை இன்னும் முடியலையே."

அவன் சிரித்துக்கொண்டே, "மாட்டிக்கிட்டக்கா நீ" என்றான்.

மாட்டிக்கொண்டேன். அடுத்த வருஷக் காகிதத்தை அந்தத் தண்ணீரில்தான் ஊறவைத்தேன். அன்றிலிருந்து வருஷா வருஷம் செய்வது, கண் திறப்பது, நூல் கட்டி இறக்குவது, மறுபடி ஏற்றுவது. பூசாரி வருஷா வருஷம் பூ கேட்டுச் சொல்கிறார், இப்போது கேள்வியைச் சரியாகவே கேட்கிறார். ஐலீனும் டங்கனும் மற்றவர்களும் ஆளுக்கொரு பாட்டிலோடு வந்து தங்கள் பங்கை வாங்கிப்போய்ப் பசையிலும் சாயத்திலும் கலந்துகொள்கிறார்கள். யார் பாட்டிலில் யார் போனார்கள் என்று யாருக்குத் தெரியும். ஒரு வருஷம் ஐலீனின் கொக்குக்கு என் குதிரையின் பல் முளைத்திருந்தது. டங்கனின் திமிங்கலம் பிதுங்கிய கண்ணோடு முனியப்பன் கோயில் வாசலில் நிற்கலாம் போலிருந்தது. என் குதிரைக்குக் கழுத்து நீண்டுகொண்டே போய் வாசலில் இடித்தது. நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு மாதையன் அரூர்ப் பக்கத்துக் கோயிலில் ஒரு குதிரைக்கு உடம்பெல்லாம் மீன் செதில் வைத்திருக்கிறான். ஊர்க்காரர்கள் கேட்டால், எங்கக்கா டிசைன் என்கிறானாம்.

9

இதைப் படிக்கிற சொந்தக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், டீக்கடையிலும் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடி சொல்லுங்கள். குதிரையைக் கடல் மேல் ஓட விடாதீர்கள், அதற்கு நீந்தத் தெரியாது. என்னைச் சாமியைக் கொளுத்தியவள் ஆக்காதீர்கள். முதலில் சிவப்புப் பூ வந்ததை மறைக்காதீர்கள், அது வந்ததால்தான் வெள்ளைக்கு மரியாதை. போர் வற்றிய அண்ணனிடம், அந்தத் தண்ணீர் காகிதம் ஊறத்தான் ஆகும், அவருக்காக முனியப்பனிடம் தனியாக வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். எரிந்தது காகிதம், குடத்தில் இருந்தது தண்ணீர், நடுவில் ஐலீனின் கம்பளி நூல். இதற்கு மேல் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரிய வேண்டாம்.

வாளியில் காகிதம் நன்றாக ஊறிவிட்டது. கையை விட்டுப் பார்த்தேன், வழுவழுவென்று இருக்கிறது. கீழே ஐலீன் படியேறும் சத்தம் கேட்கிறது, கையில் பாட்டில் இருக்கும். நான் கிரைண்டரைப் போட வேண்டும்.